சீனியில்லாத இனிப்பு

ஜெசீகா வந்து இறங்கிய அன்று காலை பத்து மணிவரைக்கும் சூட்டி செசிலியின் நாயாகத்தான் இருந்தது. பூனாகலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குச் செசிலி போனால் அதுவும் கூடவே போகும். அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, அது கீழே பாதையோரம் சாக்குகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். கொழுந்து நிறுவைக்கு அவள் இறங்கி வரும்போது எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வரும். கூட வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்குச் சூட்டி என்ற பெயரே தெரியாது. 'செசிலி நாய்' என்றுதான் சொல்வார்கள்.

பத்தேகாலுக்குத் தினேஸின் ஆட்டோ, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து முனையில் வந்து நின்றது. பின்சீட்டில் இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவே ஜெசீகா. செசிலியின் ஒரே தங்கை, கத்தாருக்கு வீட்டு வேலைக்குப் போய் ஐந்து வருஷம் கழித்து ஆறு வார லீவில் வருகிறாள். அவள் காலைக் கீழே வைத்ததும் சூட்டி அந்நிய ஆளைப் பார்த்ததுபோல் குரைத்துக்கொண்டு ஓடியது. பாதி தூரம் போனதும் நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் ஊளையும் கலந்த சத்தம். ஐந்து வருஷத்தில் செசிலி அப்படியொரு சத்தத்தை அதனிடம் கேட்டதில்லை.

ஒரே பாய்ச்சலில் ஜெசீகாவின் மேல் விழுந்தது. அவள் சப்பாத்து மேலேயே ஒன்றுக்குப் போனது. வெள்ளைக் காற்சட்டையோடு அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் சூட்டி! என்னைய மறக்கலியாடா நீ? மறக்கலியா?"

லயமே வெளியில் வந்து நின்று பார்த்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாரு செசிலி, நன்றியுள்ள சீவன்னா இதுதான். மனுசனுக்கு வருமா இது?"

கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற செசிலி சிரித்து வைத்தாள். நன்றியா? யாருக்கு நன்றி? என்று உள்ளே ஒன்று கேட்டது.

நாயை முதலில் கொண்டுவந்தவள் ஜெசீகாதான். அதை யாரும் மறுக்கவில்லை. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த உள்ளங்கையளவுக் குட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். பால்மா கரைத்து ஊற்றினாள். நாலு மாசம் வளர்த்தாள். பிறகு விமானம் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் செசிலி. பூச்சி மருந்து, விசர்நாய் ஊசி, உண்ணி பொறுக்குவது எல்லாம் அவள் கை. காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டிய கம்பியில் பின்கால் மாட்டித் தோல் உரிந்து எலும்பு தெரியக் கிடந்த அன்று, கொழுந்துச் சாக்கில் போட்டு முதுகில் சுமந்து இரண்டு மைல்கட்டை தூரம் வீட்டுக்கு நடந்தவள் அவள். ஒரு மாசம் அந்தப் புண்ணை மஞ்சள் வைத்துக் கழுவியவள் அவள். அவளுடைய புருஷன் யேசுரத்தினத்துக்குக் கொழும்பில் பேக்கரி வேலை. மாசத்துக்கு இரண்டு நாள் வருவான். பிள்ளை இல்லை. அந்தக் காம்பராவில் அவள் வாயைத் திறந்து பேசினால் காதைத் தூக்கிக் கேட்க இருந்தது அந்த ஒரு உயிர்தான்.

நாலு மாசத்துக்காக ஐந்து வருஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறதே என்று அவளுக்கு ஆறவில்லை.

முதல் வாரம் முழுக்க விருந்தாளிகள். ஜெசீகா கொண்டுவந்த சவர்க்காரமும் பேரீச்சம்பழமும் போர்வையும் லயத்தில் வீடு வீடாகப் போயின. செசிலிக்கும் நல்ல ஒரு குளிர்ச்சட்டை கிடைத்தது. அதை அவள் போட்டுப் பார்த்தாள், அளவாக இருந்தது, மடித்து வைத்துவிட்டாள். தங்கையின் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சூட்டி, வா போவோம்" என்று கூப்பிடுவாள். உள்ளே ஜெசீகாவின் பாயில், அவள் கால்மாட்டில் சுருண்டிருக்கும் நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

"என்னா செசிலி, தனியா வர்ற? ஒன் ஆளு எங்க?" என்று மலையில் கேட்டார்கள்.

"தூங்குது" என்றாள். கேலிக்காகக் கேட்டவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். அவளுக்கு அன்றைக்குக் கொழுந்து கையில் ஓடவில்லை.

ஜெசீகாவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். முப்பத்து நாலு வயதில், போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் அவளுடைய பெட்டியில் எல்லாமே சீனி இல்லாத சாமான்கள். தேத்தண்ணிக்குப் போடக் கடுகளவு வெள்ளை வில்லைகள். சாப்பிட்டதும் வாய் இனிப்புக் கேட்கும் என்பதால் மெல்ல, நீல மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில் சூயிங்கம். அவள் வேலை செய்த வீட்டு மேடம் வாங்கிக் கொடுத்ததாம். சதுரம் சதுரமாக, மேலே வழவழப்பான வெள்ளைத் தோல். மூடியைத் திறந்தால் காம்பரா முழுக்கப் புதினா மணக்கும்.

ஒரு பின்னேரம் செசிலி உள்ளே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். ஜெசீகா வாசற்படியில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்தப் போத்தலைக் கடகடவென்று ஆட்டினாள். கீழே தண்ணீர்ப் பீலியடியில் நின்ற சூட்டி காற்றாய்ப் பறந்து வந்தது. ஜெசீகாவின் கையிலிருந்து எதுவோ அதன் வாய்க்குள் போனது. திரும்ப ஆட்டினாள். திரும்ப எதுவோ போனது. நாய் குட்டிபோல் துள்ளியது.

ஓ, இதுதானா விஷயம் என்று செசிலி நினைத்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்ததும் ஆறுதல்கூட வந்தது. பாசமாவது நன்றியாவது. தீனி. வெளிநாட்டுத் தீனி.

அவள் நாய்க்கு இனிப்பே காட்டியதில்லை. இனிப்புக் கொடுத்தால் சொறி பிடிக்கும் என்று லெட்சுமியின் புருஷன் சொன்னதை நம்பி, கிறிஸ்மஸ் கேக்கில்கூட ஒரு துண்டு போட்டதில்லை. மாக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"இந்த இனிப்பெல்லாம் பழக்காத ஜெசீகா. நல்லதில்ல."

ஜெசீகா அப்போதுதான் ஒரு சூயிங்கத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "இதுல சீனியே கெடையாதுக்கா. ஒண்ணும் செய்யாது" என்று சிரித்தாள்.

ஒன்றும் செய்யாது. அந்தச் சொல் செசிலியின் மனதில் தங்கிவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை, அப்புத்தளையில் இருக்கிற துஷாந்தினி என்ற பழைய சிநேகிதியைப் பார்க்க ஜெசீகா காலையிலேயே பஸ் ஏறினாள். அரை நேர வேலை முடிந்து செசிலி ஒரு மணிக்கு வந்தபோது, லயத்து முனையில் பாதையைப் பார்த்தபடி சூட்டி படுத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் தலையைச் சடாரென்று தூக்கியது. வருவது செசிலி என்று கண்டதும் தலையை மறுபடி முன்கால்களின் மேல் வைத்துக்கொண்டது.

அவளை அது கடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"இங்க வாடா" என்றாள். வரவில்லை. நெத்தலிக் கருவாடு பிசைந்த சோற்றைக் கொண்டுபோய் மூக்கடியில் வைத்தாள். மோந்துவிட்டுப் பாதையைப் பார்த்தது. காலைத் தடவினாள். கம்பியில் அறுபட்ட அந்தத் தழும்பு முடி முளைக்காமல் இன்னும் வழவழவென்றுதான் இருந்தது. நாய் காலை இழுத்துக்கொண்டது.

செசிலி எழுந்து காம்பராவுக்குள் போனாள். ஜெசீகா சின்னப் பேர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பெரிய கைப்பை ஆணியில் தொங்கியது. தங்கையின் பையில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. நீல மூடிப் போத்தலை எடுத்து வாசலில் நின்று ஆட்டினாள்.

கடகட.

சூட்டி எழுந்து வந்தது. வந்ததா, பறந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தது. பன்னிரண்டு நாளாகப் பார்க்காத பார்வை. ஒரு சூயிங்கத்தைக் கொடுத்தாள். மெல்லாமலே விழுங்கிவிட்டு அவள் விரலை நக்கியது. இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த ஈர நாக்கு உள்ளங்கையில் படப்பட, அவளுக்குக் கண் கலங்கியது. "யார்டா ஒனக்கு? ம்? யாரு?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். சீனி இல்லாததுதானே, சொறிகூட வராது. ஒன்பதோ பத்தோ போயிருக்கும். மூடியை இறுக்கிப் பையில் பழையபடி வைத்தாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். சூட்டி கூடவே வந்தது. அந்தப் படிக்கட்டை இறங்கும்போது அவள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அங்கே துணி கழுவிக்கொண்டிருந்த லெட்சுமி, "ஆகா, கோவம் தீந்திருச்சா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டது காதில் தேனாக விழுந்தது. துவைக்க அவளுக்கும் ஒரு வாளித் துணி இருந்தது. அவசரப்படாமல் கும்மி அலசினாள்.

கடைசிச் சேலையைப் பிழியும்போது, சூட்டி வாந்தி எடுத்தது. மஞ்சள் தண்ணீர், நடுவில் இரண்டு மூன்று வெள்ளைத் துண்டு. எதையோ தின்றிருக்கும் என்று லெட்சுமி தண்ணீரை அடித்து அதைக் கழுவிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பலாம் என்று படியேறியபோது நாயால் ஏற முடியவில்லை. குடித்த மனுஷன்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்கால்கள் விரிந்துகொண்டன. எழ முயன்றது, விழுந்தது.

செசிலி குடத்தைக் கீழே போட்டாள்.

இரண்டு மணி பஸ்ஸில் வந்த ஜெசீகா மேட்டில் ஏறி வரும்போது கண்டது, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கின் மேல் கிடந்த நாயையும் சுற்றி நின்ற ஐந்தாறு பேரையும். அது அவளைக் கண்டது. வாலின் நுனி மட்டும் அசைந்தது.

"என்னாச்சு? யாரு என்னா செஞ்சீங்க?"

"கீழ மரக்கறித் தோட்டத்துல காலையில மருந்து அடிச்சாங்க புள்ள" என்றாள் லெட்சுமி. "எலைய கிலைய நக்கியிருக்கும். இல்லாட்டிப் பாம்பு."

எல்லோரும் மருந்து என்றார்கள். செசிலி நாயின் தலைக்கடியில் சாக்கை மடித்து வைத்தாள். அந்த இனிப்பாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தாள். இருக்காது. ஜெசீகா தினம் தினம் கொடுத்ததுதானே? ஒன்றும் செய்யாது என்று சொன்னாளே?

தினேஸ் ஆட்டோவைக் கிளப்பினான். ஜெசீகா ஆணியிலிருந்த கைப்பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாயைத் தூக்கி ஏறி உட்கார்ந்தாள். செசிலி பக்கத்தில் ஏறினாள். சூட்டியின் தலை ஜெசீகாவின் மடியில் கிடந்தது. பின்கால் இரண்டும் செசிலியின் மடிக்கு வந்தன. அந்த நேரத்திலும், தலை அவளுக்கா என்று ஒரு எண்ணம் வந்துவிட்டுப் போனது. அதை நினைத்துப் பிறகு பல நாள் அவள் கூசினாள்.

பண்டாரவளைக்கு வளைவு வளைவாக இறங்கும் பாதை. ஆட்டோ குலுங்கியதில் கைப்பைக்குள் போத்தல் கடகடவென்றது. நாயின் காதுகூட அசையவில்லை.

தினேஸ் தன் ஆட்டுக்கு வைத்தியம் பார்த்த மிருக டொக்டரின் நம்பரைக் கொடுத்தான். ஜெசீகா போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். டொக்டர் ரிஸ்கா என்ற அந்தப் பெண் அவசரப்படாமல் கேட்டாள்.

"என்னத்த திண்டது? கண்டீங்களா?"

"தெரியாது டொக்டர். நான் வீட்ல இல்ல. மரக்கறிக்கு அடிக்கிற மருந்தா இருக்கும்னு சொல்றாங்க."

"மருந்தெண்டா அதுக்குத் தனி ஊசி. நான் எடுத்து வைக்கிறேன். ஆனா அது இல்லாத நாய்க்கு அந்த ஊசிய அடிக்க ஏலாது. வேற எதாவது திண்டிருக்குமா? வீட்ல இருந்தவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

ஜெசீகா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீதான இருந்த. எதையாச்சும் தின்னுச்சா?"

செசிலி வெளியே தேயிலையைப் பார்த்தாள். சொன்னால், எதற்குக் கொடுத்தாய் என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வயதுப் பொம்பிளை, ஒரு நாய்க்காகத் தங்கையின் பையில் கைவிட்ட கதையைச் சொல்ல வேண்டும். தினேஸ் வேறு முன்னால் இருந்தான். நாளைக்கு மலை முழுக்கப் பேச்சாகும்.

அவள் மடியில் கிடந்த கால்கள் விறைத்தன. சூட்டியின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. தழும்பு இருந்த அந்தக் கால் அவள் வயிற்றில் உதைத்தது.

"கம்" என்றாள் செசிலி.

"என்னாக்கா?"

"ஒன் பையில இருக்கிற சூயிங்கம். நான்தான் குடுத்தேன். ஒம்பது பத்து இருக்கும்."

போனுக்குள் குரல் மாறியது. "சூயிங்கமா? சீனி போட்டதா, சீனி இல்லாததா?"

"சீனி இல்லாதது டொக்டர்" என்றாள் ஜெசீகா. பையைத் திறந்து போத்தலை எடுத்தாள்.

"என்ன போட்டிருக்கெண்டு பின்னால சின்ன எழுத்துல இருக்கும். முதல் சொல்ல வாசிங்க."

"சை... சைலிடோல்."

"எந்நேரம் குடுத்தது?"

"ஒரு மணிக்குப் பொறகு" என்றாள் செசிலி. "ஒன்றேகால்."

"சரி. நல்லாக் கேளுங்க. அது நாய்க்கு விஷம். ரத்தத்துல உள்ள சீனியெல்லாம் இறங்கிப் போகுது, அதுதான் வலிப்பு. வழியில எந்தக் கடையிலயாவது நிப்பாட்டி, சீனித்தண்ணியோ பாணியோ வாங்குங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, பொரையேறிச் செத்துரும். விரல்ல தொட்டு, உதட்டத் தூக்கி, பல்லுக்கு மேல தேயுங்க. வலிப்பு நிண்ட பொறகு. வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீங்க. தேய்ச்சுக்கிட்டே வாங்க."

அடுத்த வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை. தினேஸ் உள்ளே ஓடி, கித்துல் மரத்து இனிப்புப் பாணிப் போத்தலோடு ஓடி வந்தான். ஜெசீகா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். செசிலி போத்தலை வாங்கினாள். உடம்பின் வெட்டு அடங்கியிருந்தது. வெளுத்துப்போன உதட்டைத் தூக்கி, பாணியில் விரலைத் தோய்த்து, பல்லுக்கு மேலே தேய்த்தாள். ஒரு தடவை தாடை இறுகி விரலில் பல் பதிந்தது. ரத்தம் வந்தது. அவள் விரலை மாற்றிக்கொண்டு தேய்த்தாள். பத்து கட்டை தூரம் தேய்த்துக்கொண்டே போனாள்.

டொக்டர் ரிஸ்கா வாசலிலேயே நின்றாள். காதோரம் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சின்ன மிஷினில் வைத்தாள். சீனி முப்பத்தாறு என்று காட்டியது.

"பாணி தேச்சும் முப்பத்தாறா?" என்று ஜெசீகா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இலக்கங்கள் அவளுக்குத் தெரிந்தவை. "எனக்கு அறுபதுக்கு வந்தாலே எந்திரிக்க முடியாது டொக்டர்."

"தேச்சதாலதான் இவ்வளவாவது இருக்கு" என்று டொக்டர் முன்காலில் ஊசியை ஏற்றிச் சேலைனைத் திறந்துவிட்டாள். கால் மணித்தியாலத்தில் சூட்டி கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியாமல் வைத்தது.

அதற்குப் பிறகுதான் டொக்டர் விளக்கினாள். அந்தச் சாமானை மனுஷர் தின்றால் ஒன்றும் ஆகாது. நாயின் உடம்பு மட்டும் அதைச் சீனி என்றே நம்பிவிடும். வராத சீனிக்காக இன்சுலினை அள்ளிக் கொட்டும். அது ரத்தத்தில் இருக்கிற சீனியையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். கூடத் தின்றால் ஈரலும் கெடும், ஆனால் அது தெரிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். சூயிங்கத்தில் மட்டுமில்லை, சீனி இல்லாத டொபியில், சில பற்பசையில், சில இருமல் பாணியில்கூட இருக்கும்.

"நான் தேத்தண்ணிக்குப் போடுற வெள்ளைக் குளிசை?" என்று ஜெசீகா கேட்டாள்.

"அது வேற சாதி. இப்படிச் செய்யாது. எண்டாலும் நாய்க்கு எதுக்கு அதெல்லாம்? நாளைக்கும் நாளண்டைக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இண்டைக்கு இங்க இருக்கட்டும். பொழைக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன்."

சகோதரிகள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பண்டாரவளைச் சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் மரக்கறிப் பைகளோடு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏன்க்கா குடுத்த?" என்றாள் ஜெசீகா.

"நீ குடுத்தியே. போத்தல ஆட்டி ஆட்டிக் குடுத்தத நான் பாத்தேன்."

"நான் குடுத்தது வெறும் பிஸ்கட்டு! போத்தல் சத்தத்துக்கு ஓடி வருதேன்னு ஆட்டுவேன், கையில பிஸ்கட்டு வச்சிருப்பேன். கம்ம எவளாச்சும் நாய்க்குக் குடுப்பாளா?"

"இனிப்புப் பழக்காதன்னு சொன்னப்ப, சீனி இல்ல, ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னியே."

ஜெசீகா அவளையே பார்த்தாள். "நீ எனக்குச் சொல்றன்னு நெனச்சேன்க்கா. என் சீனி வருத்தத்துக்குச் சொல்றன்னு."

செசிலி விரலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. "நீ வந்ததுலேருந்து அது என் பக்கம் திரும்பல. அஞ்சு வருசம் ஜெசீகா. முதுகுல தூக்கிட்டு நடந்தேன். நீ நாலு மாசம் பால் ஊத்துன. நீ வந்து எறங்குன அன்னைக்கு, ஒன்னையப் பாத்து அப்படி ஒரு சத்தம் போட்டுச்சே, எனக்கு ஒரு நாளு அப்படிப் போட்டதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. ஒன்னைய மாதிரி நானும் ஆட்டிக் குடுத்தா என்கிட்டயும் வரும்னுதான் குடுத்தேன். வந்துச்சி. பத்து தரம் கைய நக்குச்சி."

ஜெசீகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"நீ தெனமும் பாக்கிறவ. தெனமும் பாக்கிறவளுக்கு எதுக்கு அது சத்தம் போடணும்?" என்றாள் ஜெசீகா. "என் வயிறு எரிஞ்சது ஒனக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழம வீடியோ போன் பேசும்போது ஒன் மடியில அது படுத்திருக்கும். நீ பேச்சுவாக்குல காதத் தடவிட்டு இருப்ப. அதப் பாத்துட்டுச் சில நாள் போன வச்சிருவேன், சிக்னல் இல்லன்னு சொல்லி. அங்க ஒரு புள்ளய ரெண்டு வயசுலேருந்து வளத்தேன்க்கா. என் கையிலதான் சோறு தின்னும். நான் கெளம்புற அன்னைக்கு அது கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருந்துச்சி. டாட்டான்னு சொல்லித் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த நாய் ஒண்ணாவது என்னைய வச்சிருந்துச்சேன்னு நெனச்சேன்."

ஜெசீகா எழுந்து போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தாள். ஒன்றில் சீனி போட்டிருந்தது, அதை அக்காவிடம் கொடுத்தாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் மறுபக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பது தெரிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளித்தது. சூட்டி எதையும் தின்னவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் செசிலி வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் ஏறிப் போய் டொக்டரின் கொட்டிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெசீகாவும் வந்தாள். ஒருத்தி தலைமாட்டிலும் ஒருத்தி கால்மாட்டிலுமாக இருந்தார்கள். நாய் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தது. புதன் மத்தியானம்தான் டொக்டர் அவித்த கோழியில் ஒரு துண்டை நீட்டினாள். மோந்தது. மெதுவாக நக்கியது. பிறகு தின்றது. தின்றுவிட்டு டொக்டரின் கையை நக்கியது.

செசிலிக்கும் ஜெசீகாவுக்கும் ஒரே நேரத்தில் முகம் மாறியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஜெசீகாதான்.

வியாழக்கிழமை சூட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பெரட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, எந்தத் தோட்டத்து மருந்து, யார் அடித்தது, தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டார்கள். தினேஸ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மரக்கறிக்காரன் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். செசிலி கூடையை இறக்கி வைத்தாள்.

"மருந்தும் இல்ல, பாம்பும் இல்ல. நான்தான் குடுத்தேன். சீனி இல்லாத சூயிங்கம். நாய்க்கு அது விஷமாம், எனக்குத் தெரியாது. வெளிநாட்டுலேருந்து வந்தது ஒங்க வீட்லயும் இருக்கும். நாய் எட்டாத எடத்துல வைங்க."

"நீ எதுக்கு அதப் போயி நாய்க்குக் குடுத்த?" என்றாள் லெட்சுமி.

"பொறாமையிலதான்" என்றாள் செசிலி.

யாரோ சிரித்தார்கள். இரண்டு நாள் மலையில் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் வேறு கதை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வாரத்திலேயே மூன்று பேர் தங்கள் வீட்டுப் போத்தல்களைக் கொண்டுவந்து, அந்தச் சொல் இருக்கிறதா என்று ஜெசீகாவிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

லீவு முடிந்து ஜெசீகா கிளம்பிய அன்று, சூட்டி ஆட்டோவின் பின்னால் பாலம்வரைக்கும் ஓடியது. செசிலி அதைக் கூப்பிடவில்லை. சாயங்காலம்தான் திரும்பி வந்தது, கால்களில் சேறும் தொங்கிய நாக்குமாக. அவளைத் தாண்டி உள்ளே போய், ஜெசீகா படுத்திருந்த சுவரோரத்தில் தரையை மோந்து மோந்து பார்த்து, அங்கேயே படுத்தது.

செசிலிக்கு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு டொக்டர் சொன்ன ஈரல் மருந்தைப் பொடித்துச் சோற்றில் கலந்து, கோப்பையை அந்தச் சுவரோரத்துக்கே கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ போயிட்டாடா. அடுத்த வருசம்தான் வருவா" என்றாள். "சாப்புடு."